ஒரு சொல்லும் மூன்று வானூர்திகளும்: போர்க்கால ஜெர்மன் சோதனை விமானி ஒருவரைத் தேடும் வழி

வரலாற்று ஆய்வில் இறங்கும் மாணவர்கள் பெரும்பாலும் ஓர் ஆண்டையோ ஓர் ஆளின் பெயரையோ பற்றிக்கொண்டு தொடங்குவர். நாம் இங்கு எடுத்துக்கொள்ளும் ஆய்வு ஒரு சொல்லில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப்போரின்போது ஜெர்மனியில் 'காம்போசிட்' வகைச் சோதனை வானூர்திகளில் ஈடுபட்ட விமானி ஒருவரைப் பற்றி ஆராய வேண்டும் என வைத்துக்கொள்வோம். அச்சொல்லை இட்டு நூலகப் பட்டியலில் தேடினால், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத செய்திகள் ஒரே குவியலாக வந்து விழும். தனித்தனி வானூர்திகள் இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாகப் பூட்டிப் பறக்கவிட்டதையும் அச்சொல் குறிக்கும். மரம், பசை, எஃகு என வெவ்வேறு பொருள்களைச் சேர்த்து ஒரே வானூர்தியைக் கட்டியதையும் குறிக்கும். மூன்றாவது பொருள் ஒன்றும் உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம். எப்பொருளில் தேடுகிறோம் என்பதைப் பொறுத்து நமக்குக் கிட்டும் மனிதரே மாறிவிடுவார்.

பொருள்களின் சேர்க்கை என்று கொண்டால், நாம் எர்வின் சில்லர் என்பவரிடம் போய்ச் சேர்வோம். ஹோர்ட்டன் உடன்பிறப்புகள் வடிவமைத்த ஒன்பதாம் வரிசை வானூர்திக்கு வாலே இல்லை. அது முழுவதும் இறக்கைதான். நடுப்பகுதி எஃகுக் குழாய்ச் சட்டகம். எஞ்சியது பெரும்பாலும் மரமும் ஒட்டுப்பலகையும். அதில் இரு தாரை இயந்திரங்களைப் பொருத்தினர். 1945 பிப்ரவரி 18ஆம் நாள் ஓரானியன்பூர்க்கில் அதனைச் சோதித்தபோது ஓர் இயந்திரம் நின்றுபோக, சில்லர் விபத்தில் உயிரிழந்தார். இதே வழியில் தேடினால் ஃபொக்க-உல்ஃப் நிறுவனத்தின் தா 154 என்னும் மர வானூர்தியையும் காண்கிறோம். 1943 ஜூலை முதல் நாள் அதனை முதன்முதலாகப் பறக்கவிட்டவர் ஹான்ஸ் சாண்டர். அதற்குரிய சிறப்புப் பசை வூப்பர்டால் நகரத் தொழிற்சாலையில் உருவானது. நேச நாட்டு விமானங்கள் அந்நகரைக் குண்டுவீசி அழித்தபின் பயன்படுத்திய மாற்றுப் பசை மரத்தையே அரித்தது. வானூர்தியின் வரலாறு சில வேளைகளில் பசையின் வரலாறாகவும் இருக்கும்.

ஆயினும் போர்க்கால ஆவணங்களில் 'காம்போசிட்' என்று வருமிடங்களில் பெரும்பாலும் நாம் காண்பது முதற்பொருளையே. அப்பொருள் ஆங்கிலேயர் வழியே பரவியது. எரிபொருளை நிறைய ஏற்றிய விமானத்தால் நீரிலிருந்து தானே எழ இயலாது. எழுந்துவிட்டாலோ நெடுந்தொலைவு பறக்கும். இதனை உணர்ந்த ராபர்ட் மேயோ, 'மாயா' என்னும் பெரிய பறக்கும் படகின் முதுகில் 'மெர்குரி' என்னும் சிறிய கடல்விமானத்தை ஏற்றினார். 1938 பிப்ரவரியில் இரண்டும் வானில் முதன்முதலாகப் பிரிந்தன. அவ்வாண்டு ஜூலை 21ஆம் நாள் டான் பென்னட் மெர்குரியை அயர்லாந்தின் ஃபாயின்சிலிருந்து இடைநில்லாமல் மொன்றியல் நகருக்குச் செலுத்தினார். இந்த இணைக்குச் 'ஷார்ட்-மேயோ காம்போசிட்' என்பதே பெயர். அஞ்சலை விரைவாகக் கொண்டுசெல்வதற்கென எழுந்த ஏற்பாடு இது என்பதை நினைவில் கொள்ளுதல் நலம்.

ஜெர்மனியிலும் தொடக்கம் படைக்கலமாக இல்லை. சறுக்கு விமான ஆய்வு நிறுவனத்தில் ஃபிரிட்ஸ் ஸ்டாமர் 1942இல் ஒரு சோதனையைத் தொடங்கினார். 1928இல் ஏவூர்தி விசையால் இயங்கிய முதல் வானூர்தியைச் செலுத்தியவரும் இவரே. படை ஏற்றும் இயந்திரமற்ற சறுக்கு விமானத்தை வடம் கட்டி இழுப்பதற்கு மாறாக, அதன் முதுகிலேயே ஓர் இயந்திர விமானத்தைப் பொருத்தினால் என்ன என்பதே அவர் ஆராய்ந்த வினா. முதலில் இலகுவான க்ளெம் விமானத்தையும் அடுத்து ஃபொக்க-உல்ஃப் 56ஐயும் முடிவில் மெசர்ஷ்மிட் 109 என்னும் சண்டை விமானத்தையும் ஏற்றிப் பார்த்தனர்.

இவ்விடத்தில்தான் நாம் தேடும் மனிதர் வருகிறார். சீக்ஃபிரீட் ஹோல்ட்ஸ்பவுர் யுங்கர்ஸ் நிறுவனத்தின் சோதனை விமானி. பறந்து தேய்ந்துபோன யுங்கர்ஸ் 88 குண்டுவீச்சு விமானங்களைக் கழித்துக் கட்டாமல் வெடிமருந்தால் நிரப்பி, மேலே ஒரு சண்டை விமானத்தைப் பூட்டி இலக்கின்மீது ஏவலாம் என அவர் 1941இல் முன்மொழிந்தார். வானூர்தி அமைச்சகம் முதலில் அதனை ஏற்கவில்லை. போரின் போக்கு மாறியபின் ஏற்றுக்கொண்டது. 1943 கோடையில் முதல் இணை பறந்தது.

அதன் இயக்கத்தைச் சற்று விரிவாகக் காண்போம். ஆசிரியர்கள் வகுப்பில் வரைந்து காட்டத்தக்கது அது. குண்டுவீச்சு விமானத்தின் மூக்குப் பகுதியைக் கழற்றிவிட்டு, ஏறக்குறைய 1,800 கிலோ எடையுள்ள வெடிதலையைப் பொருத்தினர். அதன் முன்புறம் குழிந்து, உலோகத் தகடு பதித்து, வெடிப்பின் ஆற்றல் ஒரே முனையில் குவியுமாறு அமைந்திருந்தது. கீழ்விமானத்தில் ஆள் இல்லை. மேலே சண்டை விமானத்தில் அமர்ந்த ஒருவரே தம்முடைய ஓர் இயந்திரத்தையும் கீழுள்ள இரண்டையும் சேர்த்து மூன்றையும் ஆண்டார். இலக்கை நோக்கிச் சாய்ந்து இறங்கித் திசையை உறுதிசெய்ததும், கீழ்விமானத்தின் தானியங்கிக் கருவி அத்திசையைக் காத்தது. பின்தாங்கு கால் மடங்க, முன்பிணைப்புகளின் வெடியாணிகள் தெறிக்க, மேல்விமானம் விலகித் திரும்பியது. தரையிலிருந்து எழுவதே இதில் பெரும் இடர். இரு விமானங்களின் எடையையும் தாங்க முடியாமல் சக்கரங்கள் வெடித்ததுண்டு. 1944 ஜூன் 24ஆம் நாள் இரவில் செய்ன் வளைகுடாவில் நின்ற நேச நாட்டுக் கப்பல்களை நோக்கி முதல் தாக்குதல் புறப்பட்டது. சோவியத்து மின்நிலையங்களைத் தகர்க்கத் தீட்டிய 'இரும்புச் சம்மட்டி' என்னும் திட்டம் நிறைவேறவில்லை. 1945 வசந்த காலத்தில் எஞ்சியிருந்த இணைகளை ஓடர், நைசே ஆறுகளின் பாலங்களின்மீது ஏவினர்.

மொழி பயின்றவர்களாகிய நாம் இப்பொறியின் பெயர்களில் சற்றுத் தங்கித்தான் ஆக வேண்டும். ஒருவர் முதுகில் ஒருவரைச் சுமத்தலைக் குறிக்கும் 'ஹூக்கபாக்' என்பது ஒரு பெயர். நம் பிள்ளைகளின் உப்புமூட்டை விளையாட்டுத்தான் அது. 'மிஸ்டெல்' என்பது மற்றொன்று. மரக்கிளையில் ஒட்டி வளரும் புல்லுருவியை அது குறிக்கும். உவமையின்படி பார்த்தால் மேலே ஒட்டியிருக்கும் சண்டை விமானமே புல்லுருவி. ஆனால் அப்பெயர் இணை முழுவதற்கும் வழங்கியது. பல நூல்களில் கீழுள்ள வெடிவிமானத்தை மட்டும் குறித்தது. சினைக்குரிய பெயர் முதலுக்கு ஆவதை நம் இலக்கணம் சினையாகுபெயர் என்னும். ஆவணத்தில் 'மிஸ்டெல் அழிந்தது' என்று வந்தால், அழிந்தது எது, விமானி தப்பினாரா என்பதை அச்சொல் மட்டும் சொல்லாது. 'பேதோவன் கருவி' என்பது மறைபெயர். இசையோடு அதனைத் தொடர்புபடுத்த முயல்வது வீண்வேலை.

நான்காம் பெயர் 'தந்தையும் மகனும்'. அன்றைய ஜெர்மானியர் எவரும் அப்பெயரைக் கேட்டவுடன் 1934 முதல் 1937 வரை பெர்லின் வார இதழ் ஒன்றில் வெளிவந்த சித்திரத் தொடரை நினைத்திருப்பர். சொற்களே இல்லாமல், வழுக்கைத் தலைத் தந்தையும் குறும்புக்கார மகனும் ஒருவரையொருவர் நேசிப்பதைக் காட்டிய தொடர் அது. வரைந்தவர் எரிக் ஓசர். நாஜிகளைக் கேலிச் சித்திரங்களால் தாக்கியவர் என்பதால் அவர் தம் இயற்பெயரில் தொழில் செய்ய இயலவில்லை. சொந்த ஊர்ப் பெயரைச் சேர்த்து 'ஈ. ஓ. பிளாவன்' எனப் புனைபெயர் பூண்டார். ஆட்சியைப் பழித்துப் பேசினார் என 1944 மார்ச்சில் அவரைக் கைது செய்தனர். விசாரணை நடக்குமுன், ஏப்ரல் 6ஆம் நாள், சிறையறையில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் படைப்பின் பெயரைத் தாங்கிய படைக்கலம் பதினொரு வாரங்களுக்குப் பின் செய்ன் வளைகுடாவுக்குப் பறந்தது. மகன் தோளிலிருந்து இறங்கித் தந்தையைச் சாவுக்கு அனுப்பிவிட்டு வீடு திரும்பும் ஒரு கதைக்கு இப்பெயரை இட்டவர்கள் அதன் முரணை எண்ணியிருப்பார்கள் என நமக்குத் தோன்றவில்லை. செல்லப் பெயர்கள் அவ்வாறுதான் வேலை செய்கின்றன. கொல்லும் பொருளைக் கையாள்வோருக்கு அதனை வீட்டுப் பொருளாக்கித் தருகின்றன.

ஹோல்ட்ஸ்பவுரைத் தேடும் மாணவருக்கு மேலும் இரு குறிப்புகள். அவர் பெயருக்கு முன் வரும் 'ஃப்ளூக்கபித்தான்' என்பதைக் 'கேப்டன்' என மொழிபெயர்த்துப் படைப் பட்டியல்களில் தேடுதல் கூடாது. அது குடிமுறை விமானிகளுக்கு அளித்த பட்டம். சோதனை விமானியான ஹன்னா ரைட்ஷ் என்னும் பெண்மணியும் அதனைப் பெற்றிருந்தார். ஆகவே தேட வேண்டிய இடம் நிறுவன ஆவணங்களும் சோதனை அறிக்கைகளும். இன்னொன்று, ஜெர்மன் மொழியில் 'ஹோல்ட்ஸ்பாவ்' என்றால் மரக்கட்டுமானம். பெயரை அரைகுறையாக இட்டுத் தேடுவோருக்கு மர விமானங்கள் வந்து சேரும். இரு பொருள்களும் மீண்டும் குழம்பும். அவர் பறந்தவை உலோக விமானங்கள்.

இனி நாம் ஒத்திவைத்த மூன்றாம் பொருள். 1944 ஆகஸ்ட் 8ஆம் நாள் பிராண்டிஸ் தளத்தில், முன்னோக்கி வளைந்த இறக்கையுடைய யுங்கர்ஸ் 287 என்னும் தாரை விமானத்தை முதன்முதலாகப் பறக்கவிட்டவரும் ஹோல்ட்ஸ்பவுரே. அதன் உடல் ஹைங்கல் 177இலிருந்து வந்தது. வால் யுங்கர்ஸ் 388இன் உறுப்புகளால் ஆனது. முதன்மைச் சக்கரங்கள் யுங்கர்ஸ் 352க்கு உரியவை. முன்சக்கரங்களோ வீழ்ந்த அமெரிக்க லிபரேட்டர் விமானங்களிலிருந்து எடுத்தவை. இதனையும் ஆங்கில நூல்கள் தயக்கமின்றிக் 'காம்போசிட்' எனும். கலைச்சொல் தொகுப்போர் இம்மூன்றையும் 'கூட்டு வானூர்தி' என ஒரே பதிவில் அடக்குவதை நாம் ஏற்பதற்கில்லை. பூட்டிப் பறந்தவை இணைவானூர்தி. மரமும் எஃகும் பசையும் சேர்ந்தவை கலவைக்கட்டு வானூர்தி. பல விமானங்களின் உறுப்புகளால் ஆனதற்குக் கதம்ப வானூர்தி என்பதே பொருந்தும். ஹோல்ட்ஸ்பவுர் முதல்வகையை முன்மொழிந்தார். மூன்றாம் வகையைப் பறக்கவிட்டார்.