பெயர் தவறினால் காவலும் தவறும்



நோய் பரவும் காலத்தில் மருந்துக்கு முன்னே வீடு தேடி வருவது செய்தி. அந்தச் செய்தி பிசகினால் என்ன நேரும் என்பதற்கு நம் நாட்டு வரலாறே சான்று.

1998 செப்டம்பரில் பேராக் மாநிலத்தில், ஈப்போவை அடுத்த பன்றிப் பண்ணைகளில் ஒரு காய்ச்சல் தோன்றியது. தலைவலி, மயக்கம், பின்னர் மரணம். கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று அதிகாரிகள் கருதினர். செய்திகளிலும் அந்தப் பெயரே நிலைத்தது. கொசுப்புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள்.

ஆனால், அந்தக் கொசுக்காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்குவது. இதுவோ பன்றிகளைத் தொட்டு வேலை செய்த பெரியவர்களைச் சாய்த்தது. தடுப்பூசி போட்டவர்களும் படுத்தார்கள். பன்றிகளும் இருமிச் செத்தன. கொசுவை விரட்டினால் போதும் என்று நம்பியவர்களுக்குப் பன்றியிடம் அச்சம் தோன்றவில்லை. விற்கப்பட்ட பன்றிகளோடு நோயும் நெகிரி செம்பிலானுக்குப் போய்ச் சேர்ந்தது.

1999 மார்ச்சில்தான் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங் இது புதிய கிருமி என்று கண்டறிந்தார். அதன்பின் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன, நோய் அடங்கியது. அதற்குள் மலேசியாவில் 265 பேர் நோயுற்று, 105 பேர் மாண்டனர். சுங்கை நிப்பா என்னும் கிராமத்தின் பெயரே நோய்க்கும் ஒட்டிக்கொண்டது. அவ்வூரார் செய்த பிழை என்ன? ஊர்ப் பெயரை நோய்க்கு வைக்கலாகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015இல்தான் நெறி வகுத்தது.

நம் ஜொகூருக்கு வருவோம். 2020 மார்ச் 27இல், கோவிட் தொற்றுக்காகச் சிம்பாங் ரெங்கத்தின் இரு கிராமங்கள் அடைக்கப்பட்டன. நாட்டில் இத்தகைய முதல் அடைப்பு அதுவே. 61 பேருக்குத் தொற்று, 14 நாள் அடைப்பு, உணவு வீடு தேடி வரும் என்று காரணமும் கணக்கும் அறிவிக்கப்பட்டன. பின்னர் நாள் நீட்டிக்கப்பட்டபோதும் அது அறிவிக்கப்பட்டது. இத்தகைய செய்தியால் மக்கள் செய்ய வேண்டியது என்னவென்று தெளிந்தார்கள்.

ஆகவே, நோய்ச் செய்தி வந்தால் நாம் கேட்க வேண்டியவை நான்கு: சொன்னவர் யார்? சோதித்துச் சொன்னாரா? நோய் எப்படித் தொற்றுகிறது? நாம் செய்ய வேண்டியது என்ன?

இன்னொன்றும் உண்டு. லயத்தில் நாம் கண்ணால் காண்பது செய்தியோடு பொருந்தவில்லையா? அதைக் கடைவாசலில் பேசிவிட்டு விடலாகாது. மருந்தகத்தில் சொல்ல வேண்டும். பன்றியைத் தொட்டவர்களே படுக்கிறார்கள் என்பதை முதலில் அறிந்தவர்கள் பண்ணையில் உழைத்தவர்களே அல்லவா?