‘நம்ம ஆளுங்கதானே?’: சாதாரணப் பேச்சில் சாதியும் கேட்பவரின் இடமும்

தஞ்சாவூரில் வாடகைக்கு வீடு தேடி அலைந்த நாட்களில் புரோக்கர் அழைத்துப்போன நான்காவது வீடு அது. மாடிப் போர்ஷன். நல்ல காற்று, தண்ணீருக்குக் குறையில்லை, வாடகையும் கைக்கு அடக்கம். வீட்டுக்கார அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். உட்காரச் சொல்லி, டபராவில் ஆற்றிய காபியைக் கையில் கொடுத்துவிட்டு, சொந்த ஊர் எது என்று கேட்டார். சொன்னேன். அங்கே எந்தத் தெரு என்றார். சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. “அப்ப நம்ம ஆளுங்கதானே தம்பி? கேட்டேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. போன மாசம் ஒருத்தர் வந்தாரு. பேங்க்ல வேலை, நல்லாத்தான் பேசுனாரு. விசாரிச்சா காலனிக்காரரு. வீடு முடிஞ்சு போச்சுன்னு சொல்லி அனுப்பிட்டேன்.” அட்வான்ஸிலும் பத்தாயிரம் குறைத்துக்கொண்டார். நான் “ம்” என்றேன். வேறெதுவும் சொல்லவில்லை.

அதற்கு முன் இருபது ஆண்டுகள் நான் புழங்கியது ஒத்த கருத்துள்ள ஒரு வட்டத்துக்குள். தொழிற்சங்கம், வாசகர் வட்டம், அம்பேத்கரையும் பெரியாரையும் மார்க்சையும் சேர்த்துப் படித்த ஞாயிற்றுக்கிழமைகள். ஆணவக் கொலை நடந்த ஊர்களுக்கு உண்மை அறியும் குழுவோடு போயிருக்கிறேன். அறிக்கை எழுதியிருக்கிறேன். ஆனால் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, பாசத்தோடு பேசும் ஓர் அம்மாவுக்குச் சொல்ல ஒரு வாக்கியம் என்னிடம் இல்லை. இந்த இல்லாமையை என் தனிப்பட்ட கோழைத்தனம் என்று மட்டும் எழுதி முடித்துவிடலாம். அது உண்மையும்கூட. ஆனால் அதில் ஆராய வேண்டிய வேறொன்றும் இருக்கிறது. போகிறபோக்கில் வெளிப்படும் சாதி வெறுப்பை, பேசப்படுபவரைப் பற்றிய ஒரு கருத்தாகவே நாம் இதுவரை அணுகிவந்திருக்கிறோம். அது முதன்மையாகக் கேட்பவரை நோக்கிய ஓர் அழைப்பு என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்த அழைப்புக்கு மௌனம் சம்மதம். நம் வட்டத்துக்குள் அப்படிப்பட்ட அழைப்பு வருவதேயில்லை என்பதால், அதற்கு விடை சொல்லும் பழக்கமும் நமக்கு வாய்க்கவில்லை.

‘நம்ம ஆளு’ என்ற தொடரின் இலக்கணத்திலிருந்தே தொடங்கலாம். தமிழில் தன்மைப் பன்மை இரண்டு. கேட்பவரை விலக்கி நிற்பது ‘நாங்கள்’. அவரையும் உளப்படுத்திக்கொள்வது ‘நாம்’. பல மொழிகளில் இல்லாத இந்த வேறுபாட்டை நம் குழந்தைகள் சிறுவயதிலேயே பேசப் பழகிவிடுகிறார்கள். அந்த அம்மா ‘எங்க ஆளுங்க’ என்று சொல்லியிருந்தால் அது ஒரு தகவல். நான் வெளியில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருப்பேன். ‘நம்ம ஆளுங்க’ என்றபோது என் அனுமதி இல்லாமலேயே என்னை உள்ளே உட்காரவைத்துவிட்டார். உள்ளே போனவன் வெளியேற வேண்டுமென்றால் எழுந்து நின்று சொல்லியாக வேண்டும். சும்மா இருந்தால் உள்ளே இருப்பதாகவே பொருள். வங்கி ஊழியரின் கதை அதற்குப் பின்னால்தான் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். முதலில் உறவு, பிறகு வெறுப்பு. உறவை உறுதிசெய்துகொள்ளாமல் அந்தக் கதையை அவர் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்.

ஊரும் தெருவும் கேட்டுச் சாதியை அறியும் இந்தச் சுற்றுவழிக்குத் தமிழ்நாட்டில் ஒரு வரலாறு உண்டு. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போட்டுக்கொள்வதைக் கைவிட வேண்டும் என்று தீர்மானித்தது. இந்தியாவின் வேறு பல பகுதிகளில் ஒருவரின் பெயரைக் கேட்டவுடனேயே சாதி தெரிந்துவிடும், இங்கே அப்படியில்லை. இதை நான் பெரிய சாதனையாகவே கருதுகிறேன். நம்மில் பலருடைய தாத்தாக்கள் சுமந்த வாலை நாம் சுமக்கவில்லை. ஆனால் பெயரிலிருந்து வெளியேறிய சாதி, விசாரிப்புக்குள் குடியேறியது. எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், குலதெய்வம் எது, பெண் எடுப்பது எந்தப் பக்கம், வீட்டில் கவிச்சி சமைப்பீர்களா. தனித்தனியே பார்த்தால் இவை அன்பான கேள்விகள். ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவர் கேட்டால் நாமும் மகிழ்ச்சியோடு பதில் சொல்வோம். சில ஊர்ப் பெரியவர்கள் தோளைத் தட்டிக்கொடுப்பதுபோல் முதுகைத் தடவி பூணூலைத் தேடிய கதைகளும் நம்மிடம் உண்டு. அன்பின் அசைவுக்குள்ளேயே விசாரணையும் நடக்கிறது. நம் வட்டமோ, கேட்பது அநாகரிகம் என்ற நல்லொழுக்கத்தைக் கடைப்பிடித்தது. கேட்கப்பட்டால் என்ன செய்வது என்பதைப் பேசவேயில்லை.

‘காலனிக்காரரு’ என்ற சொல்லும் இங்கே நின்று பார்க்கத் தக்கது. அரசு கட்டிக்கொடுத்த குடியிருப்புக்கு இட்ட பெயர் அது. அந்தப் பெயரில் வசை ஏதுமில்லை. ஆனால் ஊர்ப்புறத்தில் ‘காலனி’ என்றால் பட்டியல் சாதியினர் வாழும் பகுதி என்பது எல்லோருக்கும் தெரியும். வங்கி அதிகாரிகளும் ரயில்வே ஊழியர்களும் வாழும் நகரத்துக் காலனிகளுக்கு அந்தப் பொருள் கிடையாது. 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில், அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ என்ற சொல் நீக்கப்படும் என்று முதலமைச்சர் அறிவித்தது இந்தப் பின்னணியில்தான். இதற்கு முன் இதே பாதையில் நடந்த சொல் ‘சேரி’. சேர்ந்து வாழும் இடம் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, பிராமணர் ஊரான அதன் முப்பது குடும்புகளோடு (ஊர்ப் பிரிவுகளோடு) பன்னிரண்டு சேரிகளையும் குறிப்பிடுகிறது. அந்தச் சேரிகளில் வாழ்ந்தவர்கள் வேதம் ஓதியவர்கள். அடுத்த நூற்றாண்டில், நான் வீடு தேடிய இதே தஞ்சாவூரில், பெரிய கோயில் சுவரில் இராசராசன் காலத்து நிலக் கணக்குகள் பறைச்சேரி, கம்மாணச்சேரி, ஈழச்சேரி என்று வரி நீங்கிய நிலங்களை எண்ணிச் சொல்கின்றன. அங்கே சேரி தொழிலோடும் பிறப்போடும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்றோ, முன்னொட்டு எதுவும் தேவைப்படாமல் ‘சேரி’ என்று மட்டும் சொன்னாலே அது வசை. கல்லூரி மாணவர்கள் ஒருவரையொருவர் கேலிசெய்ய அதைப் பயன்படுத்துகிறார்கள். யாரைக் குறித்துப் பேசுகிறோம் என்ற நினைவுகூட அவர்களுக்கு இருப்பதில்லை. சொல்லை மாற்றுவது தேவைதான். ஆனால் புதுச்சொல்லுக்கும் இந்தக் கறை ஏறாமலிருக்க வேண்டுமானால், அதைச் சொல்லும் வாய்களுக்கு இடையில் ஏதாவது மாற வேண்டும்.

வீடு மறுக்கப்படுவதைப் பற்றி அம்பேத்கர் எழுதிவைத்த ஓர் அனுபவம் இங்கே நமக்கு வழிகாட்டும். நியூயார்க்கிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடா சமஸ்தானத்தில் பணியேற்க வந்தார். வெளிநாட்டில் வாழ்ந்த ஆண்டுகளில் தான் தீண்டத்தகாதவன் என்ற உணர்வே தன்னை விட்டுப் போயிருந்ததாகவும், பரோடாவில் எங்கே தங்குவது என்ற கேள்வியோடு அது திரும்பி வந்ததாகவும் சொல்கிறார். அடையாளத்தை மறைத்துப் பார்சி விடுதி ஒன்றில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்தவர்கள் அவரை வெளியேறச் சொன்னார்கள். தடியோடு வந்தவர்களைப் பற்றி வேண்டிய அளவு எழுதப்பட்டிருக்கிறது. நான் பார்க்க விரும்புவது அதற்குப் பிறகு நடந்ததை. ஊரில் அவருக்கு இரண்டு நண்பர்கள். ஒருவர் இந்து, ஒருவர் கிறிஸ்தவர். முதலாமவர், நீங்கள் வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். இரண்டாமவர், மறுநாள் மனைவி வருகிறாள், கலந்து பேசித்தான் சொல்ல முடியும் என்றார். அம்பேத்கர் பம்பாய்க்குத் திரும்ப முடிவுசெய்து, இரவு ரயில் வரும்வரை ஐந்து மணி நேரம் ஒரு பூங்காவில் உட்கார்ந்திருந்தார்.

அந்த இருவரும் நண்பர்கள், படித்தவர்கள். இருவரும் தம் பெயரில் மறுக்கவில்லை. ஒருவர் வேலைக்காரர்களின் பெயரைக் கடன் வாங்கினார், மற்றவர் மனைவியின் பெயரை. சாதாரணப் பேச்சில் சாதி எப்போதும் இரவல் பெயரில்தான் வருகிறது. “எனக்கு ஒண்ணும் இல்லீங்க, வீட்ல பெரியவங்க இருக்காங்க.” “ஊர்ல நாலு பேரு என்ன சொல்லுவாங்க.” “அக்கம்பக்கம் ஒரு மாதிரி.” இந்த வாக்கியங்களைக் கேட்காத தமிழர் இருக்க முடியாது. எல்லோரும் பிறருக்காக மறுக்கிறார்கள். மறுப்புக்குச் சொந்தக்காரர் மட்டும் அகப்படுவதேயில்லை. கருத்தோடு மோதப் பழகிய நம் வட்டம் இங்கே தடுமாறுவதற்குக் காரணமும் இதுதான். நாம் மறுத்துரைக்க வேண்டிய கருத்தை எதிரிலிருப்பவர் தன்னுடையது என்று ஏற்றுக்கொள்வதேயில்லை.

பேச்சு வெறும் பேச்சுதானே, ஆள் நேரில் வந்தால் அதே அம்மா காபி கொடுத்திருக்க மாட்டாரா என்று கேட்பவர்கள் உண்டு. இந்த வாதத்தை எளிதாக ஒதுக்க முடியாது. 1930களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் லாபியர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஒரு சீன இளம் தம்பதியோடு நாடு முழுவதும் பயணம் செய்தார். ஏறியிறங்கிய 251 விடுதிகளிலும் உணவகங்களிலும் ஒரே ஓர் இடத்தில்தான் அவர்கள் மறுக்கப்பட்டார்கள். பிறகு அதே இடங்களுக்குக் கடிதம் எழுதி, சீனர்களை ஏற்பீர்களா என்று கேட்டபோது, பதில் எழுதிய 128 பேரில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் மாட்டோம் என்றார்கள். 1934இல் வெளியான இந்த ஆய்வை, வாய் பேசுவதைக் கை செய்வதில்லை என்பதற்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். எனக்கு அது வேறொன்றைச் சொல்கிறது. அந்தத் தம்பதியின் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர் இருந்தார். அவரும் இல்லாமல், அவர்களும் எதிரில் இல்லாமல், காகிதத்தில் மட்டும் கேள்வி வந்தபோது பதில் மாறியது. இதோடு 2007இல் சுகதேவ் தோரட்டும் பால் அட்வெலும் வெளியிட்ட ஆய்வைச் சேர்த்துப் படிக்க வேண்டும். இந்தியத் தனியார் நிறுவனங்களின் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். அடுத்த கட்டத்துக்கு அழைக்கப்படும் வாய்ப்பு விகிதம், உயர்சாதிப் பெயருக்கு 1 என்றால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. அங்கேயும் ஆள் எதிரில் இல்லை.

ஆள் இல்லாத இடத்தில்தான் முடிவுகள் எடுக்கப்படுகின்றன. வீடு யாருக்கு, வேலை யாருக்கு, பெண் யாருக்கு என்பதெல்லாம் சம்பந்தப்பட்டவர் போன பிறகு, ‘நம்ம ஆளுங்க’ மட்டும் இருக்கும் அறையில் தீர்மானமாகிறது. எனவே அந்த அறையில் பேசப்படுவதை வெறும் பேச்சு என்று நான் ஒப்ப மாட்டேன். அந்த வங்கி ஊழியருக்கு வீடு கிடைக்காதது அந்தப் பேச்சால்தான். அவருக்கு அதன் ஒரு சொல்லும் தெரியாது. வீடு முடிந்துவிட்டது என்று நம்பி, அடுத்த தெருவுக்குப் போயிருப்பார்.

சட்டமும் அந்த அறைக்குள் வருவதில்லை. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் இழிவுபடுத்துவதையே குற்றமாக்குகிறது. பொதுமக்கள் யாரும் இல்லாமல் நான்கு சுவருக்குள் பேசியது அந்தப் பிரிவின்கீழ் வராது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவுபடுத்தியது. இழிவுபடுத்தப்பட்டவரே இல்லாத இடத்தில் புகார் கொடுக்க யார் இருக்கிறார்கள்? அந்தப் பேச்சுக்கு ஒரே சாட்சி, உறவுக்காரர் என்று நம்பி உள்ளே உட்காரவைக்கப்பட்டவர். அதாவது நான்.

வீடு பார்த்ததற்கு அடுத்த ஞாயிறு வட்டத்தில் இதைச் சொன்னேன். நகர்ப்புற வாடகைச் சந்தையில் சாதி என்று ஒரு மணி நேரம் நல்ல விவாதம் நடந்தது. எல்லோரும் அந்த அம்மாவைப் பற்றிப் பேசினார்கள். வர்க்கம், சொத்து, இடைநிலைச் சாதிகளின் எழுச்சி என்று விளக்கினார்கள். எங்களோடு பதினைந்து ஆண்டுகளாக இருக்கும் ஒரு தலித் தோழர் கடைசியில்தான் வாய் திறந்தார். “நீங்க என்ன சொன்னீங்க தோழர்?” என்றார். அந்தக் கேள்விக்குப் பிறகு நான் என்னைப் போன்றவர்களின் இரண்டு வழக்கமான விடைகளை எண்ணிப் பார்த்தேன். ஒன்று, கூட்டத்தில் பேசும் மொழியிலேயே பாடம் எடுப்பது. பார்ப்பனியம், ஆதிக்கம், அகமணமுறை என்று அடுக்குவோம். கேட்பவர் நம்மை வேறு உலகத்து ஆள் என்று முடிவுகட்டிவிடுவார். மற்றது, அந்த மாதிரி வீடுகளுக்கும் விசேஷங்களுக்கும் போகாமல் விலகிவிடுவது. அப்படி விலகியதால்தான் அந்த மொழி எனக்கு மறந்துபோனது.

பதில் சொல்லத் தெரிந்தவர்கள் வட்டத்துக்கு வெளியே இருந்தார்கள். என் சித்தி பள்ளிக்கூடம் தாண்டாதவர். ஒரு வளைகாப்புப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், சமையலுக்கு வந்தவர்கள் யார் என்று தெரிந்ததும் முகம் சுளித்தார். சித்தி சாம்பார் வாளியை இறக்காமலேயே, “ரெண்டாவது தடவை வாங்கித் தின்னப்ப நல்லாத்தானே இருந்துச்சு?” என்று கேட்டுவிட்டு அடுத்த இலைக்குப் போனார். அவர் ‘நாம்’ என்பதற்குள்ளேயே நின்றுகொண்டு அதற்குள்ளிருந்தே மறுத்தார். இரவல் பெயருக்கு இடம் கொடுக்காமல், பேசியவரின் நாக்கையே சாட்சிக்கு அழைத்தார்.

அந்த மாடிப் போர்ஷனில்தான் குடியேறியிருந்தேன். வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதத்தில் கீழ் போர்ஷன் காலியானது. என்னிடம் கேள்வி கேட்ட தோழர் அப்போது வீடு தேடிக்கொண்டிருந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லி, அவர் சம்மதித்த பிறகு, அந்த அம்மாவிடம் போய் அவருக்காகக் கேட்டேன். ஊரையும் தெருவையும் நானே சொன்னேன். “போன வருஷம் நீங்க நம்ம ஆளான்னு கேட்டப்ப நான் பேசாம இருந்தது தப்பும்மா. இவரு என் ஆளு” என்றேன். அவர் கொஞ்ச நேரம் கொடியில் காய்ந்த துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “எனக்கென்ன தம்பி இருக்கு? என் மருமக ஒத்துக்க மாட்டா” என்றார். உள்ளே மிக்ஸி நின்றது. மருமகள் ஈரக் கையைத் துடைத்தபடி வாசலுக்கு வந்தார். “என்னை எதுக்கு அத்தை இழுக்கறீங்க?” என்றார்.

அன்றைக்கு வீடு கிடைக்கவில்லை. தோழர் வேறு பகுதியில் பார்த்துக்கொண்டார். கீழ் போர்ஷன் நான்கு மாதம் பூட்டியே கிடந்தது. அதைப் பார்க்க யார் வந்தாலும், மருமகள் இருக்கும்போது அந்த அம்மா தெருப் பெயரைக் கேட்டு நான் பார்க்கவில்லை.