நல்லமிளகும் காந்தாரியும்: ஒரு மழைக்காலச் சாப்பாட்டின் கதை

போன வாரம் ஆபீஸ் கால்ல அமெரிக்காவுல இருக்கிற டீம்மேட் ஒருத்தர், "வெளியே பனி கொட்டுது, அடுப்புல சில்லி கொதிக்குது"ன்னார். இறைச்சி, பீன்ஸ், மிளகாய் எல்லாம் போட்டு மெதுவா வேக வைக்கிற ஒரு கெட்டிக் குழம்பு. "உங்க ஊர்ல குளிருக்கு என்ன சாப்பிடுவீங்க?"ன்னு கேட்டார். நாகர்கோவில்ல எங்கே குளிர்? ஆனா மழை உண்டு. ஜூன்ல தென்மேற்கு, அக்டோபர் நவம்பர்ல வடகிழக்கு, ரெண்டு பருவமழையும் எங்களுக்குக் கிடைக்கும். ஓடு ஒழுகுற அந்த நாள்ல மரச்சீனிக் கிழங்கு அவிச்சு, காந்தாரி மிளகை நசுக்கித் தொட்டுக்கிடுவோம். இன்னைக்கு எபிசோட் அதைப் பத்தித்தான்.

முதல்ல மிளகு. சென்னைக்கு வேலைக்கு வந்த புதுசுல ஒரு பலசரக்குக் கடையில "நல்லமிளகு நூறு கிராம்"ன்னு கேட்டேன். "நம்மகிட்ட எல்லாமே நல்லதுதான் தம்பி"ன்னார் கடைக்காரர். எங்க ஊர்ல கறுப்பா உருண்டையா இருக்கிறது நல்லமிளகு. மிளகுன்னு சும்மா சொன்னா பல வீடுகள்ல அது மிளகாய். செல்போன் வந்த பிறகுதானே பழைய போனை லேண்ட்லைன்னு பிரிச்சுச் சொல்ல வேண்டி வந்துச்சு? இதுவும் அப்படித்தான்னு நான் நினைக்கிறேன். வந்தவன் பேரைப் பிடிச்சுக்கிட்டான். இருந்தவனுக்கு 'நல்ல'ன்னு ஒரு அடைமொழி கொடுத்து ஒதுக்கி வச்சாச்சு.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் இல்லை. 1492-ல கொலம்பஸ் கப்பல் ஏறினதுக்கு ஒரு காரணம் நம்ம மேற்குக் கரையில விளையுற மிளகு. கரீபியன் தீவுகள்ல அவருக்குக் கிடைச்சதோ மிளகாய். அதையும் மிளகோட பேராலேயே ஐரோப்பியர் கூப்பிட்டாங்க. ஆங்கிலத்துல இன்னைக்கும் ரெண்டும் 'பெப்பர்'தான். 1498-ல வாஸ்கோ ட காமா கோழிக்கோடு வந்தார். பின்னால போர்த்துகீசியக் கப்பல்கள்ல மிளகாய் இந்தியாவுக்கு வந்து சேர்ந்துச்சு. மிளகு மாதிரி உறைக்கிற காய், அதனால மிளகாய். காந்தாரிக்கு விதைக்க ஆளும் வேண்டாம். பறவைகளுக்கு அதோட காரம் உறைக்காது. தின்னுட்டு விதையை வேலியோரம் போட்டுட்டுப் போயிடும். எங்க கிணத்தடியில நிக்கிற செடியை யாரும் நட்டதில்லை.

மரச்சீனியும் தென் அமெரிக்காக்காரன்தான். ஆனா அது நம்ம பக்கம் பரவினதுல ஒரு அரசரோட பேர் உண்டு. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள். தாவரங்கள்ல ஈடுபாடு உள்ளவர், ஏழைகளுக்கு மலிவான உணவா இந்தக் கிழங்கைப் பயிரிட ஊக்கம் கொடுத்தார். அப்போ நாமளும் திருவிதாங்கூர்தானே.

அரசர் ஊக்கம் கொடுத்தார், சரி. கிழங்கு உயிரைக் காப்பாத்தின காலம் வேற. திருவிதாங்கூர்ல தென்னையும் ரப்பரும் உண்டு, ஆனா சாப்பிடுற அளவுக்கு நெல் கிடையாது. பெரும்பகுதி அரிசி வெளியில இருந்து வரணும், அதுல பர்மா அரிசி முக்கியம். 1942 மார்ச்ல ஜப்பான் படை ரங்கூனைப் பிடிச்சதும் அந்த வழி அடைஞ்சுபோச்சு. ரேஷன், வரிசை, பட்டினி. விளவங்கோடு, கல்குளம் பக்கத்து மேட்டு நிலத்துல கிழங்கு இருந்ததால எத்தனையோ வீட்டுல அடுப்பு எரிஞ்சுது.

எங்க ஆச்சி தோவாளைப் பக்கம், வயல்காட்டு ஊர். பேச்சிப்பாறை அணைத் தண்ணி பாயுற நெல்லு பூமி. அப்போ அவளுக்கு ஏழெட்டு வயசு. வயல் நடுவுல இருந்தும் அந்த வருஷங்கள்ல ராத்திரிச் சாப்பாடு கிழங்குதான்னு சொல்லுவா. அதனாலேயே விருந்தாளி வந்தா கிழங்கை அடுக்களைக்குள்ள ஒளிச்சு வச்சிருவா. "வந்த ஆளுக்கு இத வைக்காத மக்கா, சோறு இல்லாத வீடுன்னு நெனச்சிருவாவ." சின்ன வயசுல எனக்கு இது வெறும் வறட்டுக் கௌரவமாத்தான் தெரிஞ்சுது. இந்த எபிசோடுக்குப் படிக்க உட்கார்ந்த பிறகுதான், அவ ஒளிச்சு வச்சது கிழங்கை மட்டும் இல்லைன்னு உறைச்சுது. இப்போ நகரத்து ஹோட்டல்கள்ல 'கப்பா'ன்னு மெனுவுல போட்டு விக்கிறாங்க. ஆச்சிகிட்ட விலையைச் சொன்னேன். நம்பலை.

செய்முறை கேட்டு மெயில் வரும், அதனால சொல்லிடுறேன். தோலையும் உள்பட்டையையும் உரிச்சு, துண்டு போட்டு, நிறையத் தண்ணியில நல்லா வேக வச்சு, அந்தத் தண்ணியைக் கண்டிப்பா வடிச்சு ஊத்திடுங்க. கிழங்குல சயனைடை உண்டாக்குற பொருள் உண்டு. பச்சையா தின்னவே கூடாது. பாதி வெந்த பிறகு உப்பு. காந்தாரி ஏழெட்டு, சின்ன உள்ளி ஒரு பிடி, கல் உப்பு, அம்மியில நசுக்கு, அரைச்சிடாதீங்க. மேல பச்சைத் தேங்காயெண்ணெய். சாளை மீன் கறி இருந்தா கேட்கவே வேண்டாம்.

டீம்மேட்டுக்கு இவ்வளவையும் டைப் பண்ணி அனுப்பினேன். "அப்போ உங்க தட்டுல இருக்கிற கிழங்கும் மிளகாயும் எங்க பக்கத்துலேர்ந்து வந்ததா?"ன்னு கேட்டு ஒரு சிரிப்பு எமோஜி போட்டார். நல்லமிளகு நம்மூர்தான்னு பதில் போட்டிருக்கேன்.