பதிவுசெய்த குரலும் நம் கையிலிருந்த போனும்

தேர்தல் வந்துவிட்டால் வத்திராயிருப்பு, மகாராஜபுரம் பக்கமெல்லாம் போன் ஓயாது. எடுத்தால் ஒரு தலைவரின் பதிவுசெய்த குரல். அது பேசும், நாம் பேசினால் கேட்காது. மனைப்பட்டா பற்றியோ மயானப் பாதை பற்றியோ அதனிடம் கேட்க முடியாது. இத்தனைக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் தனித் தொகுதி. நாடாளுமன்றத்துக்குத் தென்காசி, அதுவும் தனித் தொகுதிதான்.

இந்தக் குரலுக்கு ஒரு வரலாறு உண்டு, தோழர்களே. 2004 மக்களவைத் தேர்தலில் பிரதமர் வாஜ்பாயின் பதிவுசெய்த குரல் நாடெங்கும் தொலைபேசிகளில் ஒலித்தது. 'இந்தியா ஒளிர்கிறது' என்ற பிரச்சாரத்துக்குப் பணம் கொட்டப்பட்டது. ஆனாலும் பா.ஜ.க. ஆட்சியை இழந்தது.

மூன்றே ஆண்டுகளில் இன்னொரு கதை நடந்தது. 2007-ல் உத்தரப்பிரதேசத்தில் பகுஜன் சமாஜ் கட்சி 403 இடங்களில் 206 பிடித்துத் தனித்து ஆட்சி அமைத்தது. பெரிய பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் அந்தக் கட்சியைப் பொருட்படுத்தியதே இல்லை. அந்த வெற்றியில் கைபேசிக்கு இருந்த பங்கை ராபின் ஜெஃப்ரி, அசா டோரன் என்ற ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். 2003-லேயே உள்வரும் அழைப்பு இலவசமாகிவிட்டது. மிஸ்டு கால் கொடுக்கக் காசே வேண்டாம். ஊர்ப் பெரியவர் வீட்டுத் தொலைபேசி முன்னால் கைகட்டி நிற்க வேண்டிய நிலை போனது. சேரியிலிருந்த தொண்டர் நேராக மாவட்டப் பொறுப்பாளரிடம் பேசினார்.

ஆனால் போன் மட்டும் ஜெயிக்க வைக்கவில்லை. 1978-ல் பாம்செஃப், 1981-ல் டி.எஸ்.4, 1984-ல் கட்சி என்று கன்ஷிராம் ஊர் ஊராகச் சைக்கிளில் சுற்றிக் கட்டிய அமைப்பு அங்கே ஏற்கெனவே இருந்தது. இருந்த உறவைத்தான் போன் வேகப்படுத்தியது. 2012-ல் எல்லாக் கட்சிகளின் கையிலும் போன் வந்தது. பகுஜன் சமாஜ் 80 இடங்களுக்குச் சுருங்கியது.

குறுஞ்செய்தியிலும் ஒரு பாகுபாடு ஒளிந்திருக்கிறது. ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70 குறியீடுதான். கொம்பும் புள்ளியும்கூடத் தனித்தனிக் கணக்கு. எழுத்தே தெரியாத நம் பாட்டிக்கு அந்த எழுபதும் இல்லை. அவரிடம் யாராவது போய்ப் பேசித்தான் ஆக வேண்டும்.

நம் விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தலை நினைத்துப் பாருங்கள். 1996-ல் ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டும், 2006 வரை அங்கே முறையான தேர்தல் நடக்க விடவில்லை. அந்த அச்சத்தை எந்தக் குறுஞ்செய்தி போக்கியிருக்கும்?

ஆகவே மாணவத் தோழர்களே, போனை எடுங்கள். ஆனால் கேட்பதற்காக எடுங்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் விடுபட்டதா, சாவடிக்குப் போகத் தடையுண்டா என்று ஒவ்வொரு வீட்டையும் கேளுங்கள். பதில் வந்த வீட்டுக்கு மறுநாள் நேரில் போங்கள்.

ஜெய்பீம்.