சட்டாம்பிள்ளை முதல் கற்றல் ஏணி வரை: சகமாணவர் வழிக் கற்பித்தலின் வரலாறு

ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் அனைவரும் ஒரே வேகத்தில் கற்பதில்லை. இவ்வேறுபாட்டைக் கையாளத் தமிழகத்தில் நெடுங்காலமாக வழங்கிவந்த வழி, முன்னே கற்ற பிள்ளையைக் கொண்டு பின்னே வந்த பிள்ளைக்குச் சொல்லித்தரச் செய்வதாகும். திண்ணைப் பள்ளிகளில் வேரூன்றியிருந்த இவ்வழக்கம், சென்னை எழும்பூரிலிருந்து இங்கிலாந்துக்குச் சென்று பெரும் கல்வி முறையாக வளர்ந்து தேய்ந்து, இரு நூற்றாண்டுகளுக்குப் பின் வேறொரு வடிவில் தமிழக அரசுப் பள்ளிகளில் இடம்பெற்ற வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. சகமாணவர் உதவி தன்னளவில் எல்லோரையும் உள்ளடக்கும் கல்வியாகிவிடுவதில்லை என்பதும், அதனால் மிச்சமாகும் ஆசிரியரின் நேரம் யாருக்குச் செல்கிறது என்பதே அதன் தன்மையைத் தீர்மானிக்கிறது என்பதும் இவ்வரலாறு உணர்த்தும் முடிவுகளாகும்.

திண்ணைப் பள்ளியின் அமைப்பு

திண்ணைப் பள்ளியில் வயதுவாரியான வகுப்புப் பிரிவு இல்லை. மணலில் விரலால் அரிச்சுவடி எழுதும் சிறுவனும், ஓலையில் எழுத்தாணி பிடித்து எண்சுவடி எழுதும் சிறுவனும் ஒரே கூரையின் கீழ்த் தத்தம் நிலைக்கேற்பக் கற்றனர். மூத்த மாணவருள் ஒருவனான சட்டாம்பிள்ளை, ஆசிரியருக்கு அடுத்த நிலையில் இருந்து பாடம் ஒப்பிக்கச் செய்தும் ஒழுங்கைக் கண்காணித்தும் வந்தான். கற்கும் வேகம் பிள்ளைக்குரியதாக இருந்தபோதிலும், முறை மனப்பாடத்தையும் பிரம்பையும் சார்ந்தே இயங்கியது.

அத்திண்ணையில் ஏறும் உரிமையும் எல்லோருக்கும் இருக்கவில்லை. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ நடத்திய கணக்கெடுப்பின் முடிவுகளைத் தொகுத்துரைக்கும் 1826ஆம் ஆண்டுக் குறிப்பு, 12,498 பள்ளிகளில் 1,88,650 பேர் பயின்றதாகக் காட்டுகிறது. இவர்களுள் பெண்பிள்ளைகள் 4,540 பேரே. தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்ட சமூகங்களின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலான திண்ணைகளில் இடமே இல்லை. அத்தகைய பிள்ளைகளுக்கென 1894இல் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட் சென்னை அடையாற்றில் தனிப் பள்ளி தொடங்க வேண்டியிருந்தது, இந்த விலக்கல் எவ்வளவு காலம் நீடித்தது என்பதற்குச் சான்றாகும்.

எழும்பூரும் இங்கிலாந்தும்

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், 1789இல் எழும்பூரில் ஐரோப்பியப் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். உள்ளூர்ப் பள்ளியொன்றில் சிறுவர்கள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்ட அவர், அம்முறையைத் தம் பள்ளியிலும் கொண்டுவர விரும்பினார். ஆசிரியர்கள் அதற்கு இசையாததால், எழுத்துக் கற்பிக்கும் பொறுப்பை எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் ஒப்படைத்தார். அம்முயற்சி வெற்றிபெறவே, வல்ல மாணவனையும் தடுமாறும் மாணவனையும் இணையாக அமர்த்தி, முன்னவனைப் பின்னவனுக்குப் பயிற்றுநராக்கும் முறையைப் பள்ளி முழுவதும் விரிவுபடுத்தினார்.

1797இல் லண்டனில் பெல் வெளியிட்ட அறிக்கையின் வழியே 'மதராஸ் முறை' எனப் பெயர்பெற்ற இது, ஆங்கிலேயக் கல்வியாளர் ஜோசப் லங்காஸ்டர் தனியே வளர்த்தெடுத்த இதையொத்த முறையுடன் சேர்ந்து பிரிட்டன் முழுவதும் பரவியது. ஆனால் அங்கே அதன் நோக்கம் சுருங்கிற்று. ஓர் ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளுக்குக் குறைந்த செலவில் எழுத்தறிவு தருவதே அதன் சிறப்பாகக் கருதப்பட்டது. ஏழைகளுக்கு விரிவான கல்வி வேண்டியதில்லை என்று பெல்லே எழுதினார். சிறுவர்கள் தாம் கற்றதை மட்டுமே இயந்திரம்போல் திருப்பிச் சொல்லித்தர முடிந்ததால் குறைகள் வெளிப்பட்டன; 1840களில் பயிற்சி பெறும் இளம் ஆசிரியர்களை அமர்த்தும் முறை அதன் இடத்தைப் பிடித்தது. சென்னை மாகாணத்திலோ, தேர்வு முடிவுக்கேற்ப மானியம் வழங்கும் ஏற்பாடு வந்தபின், திண்ணைப் பள்ளிகளும் வகுப்புவாரியான பாடத்திட்டத்துக்குள் வந்தன. கரும்பலகைக்கு முன் நின்று அனைவருக்கும் ஒரே பாடத்தை ஒரே நேரத்தில் நடத்துவது பொது வழக்கமாயிற்று.

செயல்வழிக் கற்றல்

ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளியைச் சார்ந்த கிராமப் பள்ளிகளில், பல வகுப்புப் பிள்ளைகளை ஓராசிரியர் கையாள்வதற்கென உருவான அட்டைவழிக் கற்றலை முன்மாதிரியாகக் கொண்டு, 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டது. எம்.பி. விஜயகுமார் என்ற இந்திய ஆட்சிப்பணி அதிகாரியின் முன்முயற்சியால் அது 2007-2008 கல்வியாண்டில் மாநிலம் முழுவதும் தொடக்க வகுப்புகளுக்கு விரிந்தது.

இம்முறையின் மையமாக இருந்தது கற்றல் ஏணி. பாடம் முழுவதும் மைல்கற்களாகவும், ஒவ்வொரு மைல்கல்லும் அறிமுகம், வலுவூட்டல், மதிப்பீடு, குறைதீர் கற்றல் எனச் சிறு படிகளாகவும் பிரிக்கப்பட்டு, படிக்கொரு படக்குறியீட்டுடன் சுவரில் தொங்கியது. பிள்ளை தான் நிற்கும் படியை ஏணியில் கண்டு, அதே குறியீடுள்ள அட்டையைத் தட்டிலிருந்து எடுத்து, அவ்வட்டைக்குரிய குழுவில் தரையில் அமர்ந்தது. ஆசிரியரின் முழு உதவி தேவைப்படும் குழு, பகுதி உதவி போதுமான குழு, சகமாணவர் துணையுடன் கற்கும் குழு, தாமே கற்கும் குழு முதலியனவாக அவை வகைப்பட்டன. பல நாள் வராத பிள்ளை திரும்பிவந்து தான் விட்ட படியிலிருந்தே தொடர முடிந்தது. கூலிவேலைக்காக இடம்பெயரும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இது பெரும் துணையாயிற்று. சுவரின் கீழ்ப்பகுதியில் அமைத்த கீழ்மட்டக் கரும்பலகையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி இடம் இருந்தது.

பெல்லின் முறையிலிருந்து இது வேறுபடும் இடம் தெளிவானது. அங்கே ஆசிரியர் உயரத்திலிருந்து கண்காணித்தார். இங்கே அவர் பாயில் இறங்கி, முழு உதவி தேவைப்படும் பிள்ளைகளின் நடுவே அமர்ந்தார். 2022இல் தமிழக அரசுப் பள்ளிகளில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரித்ததும் இவ்வழியைச் சார்ந்ததே. எனினும் அட்டைகளை நிரப்புவதே பாடமாகிவிடும் அபாயமும், ஒரு நிலையின் பெயர் பிள்ளைமீது நிலையான முத்திரையாகிவிடும் அபாயமும் இம்முறைகளில் உண்டு.

முடிவுரை

மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளும் ஏனையோரும் ஒரே வகுப்பில் கற்பதற்கேற்பக் கற்பித்தலை மாற்றியமைக்க வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் நிலைப்பாடு. சகமாணவர் உதவி அதற்குச் சிறந்த கருவி. ஆனால் ஆசிரியர் பற்றாக்குறையை மறைக்கும் உபாயமாக அது பயன்படுமானால், லங்காஸ்டர் காலத்துக் குறைகளே மீளும். பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கற்பிக்கும் வகுப்புக்கு ஆசிரியர் குறைவாகத் தேவைப்படுவதில்லை. தடுமாறும் பிள்ளையின் அருகில் அமரப் போதிய நேரமும் பயிற்சியும் உடைய ஆசிரியரே அங்கு மிகுதியும் தேவை. அவரை அமர்த்துவதும் பயிற்றுவதும் அரசின் கடமை.