ஹேல் ஊரின் இல்லப் பராமரிப்பு

அறிவு வளர்ச்சி குன்றியவர்களும் மனநோயுற்றவர்களும் ஐரோப்பாவிலே நெடுங்காலம் மதிற்சுவர்களுக்குள் அடைத்துவைக்கப்பட்டனர். அவ்வழக்கம் வேரூன்றியிருந்த காலத்திலேயே, பெல்ஜிய நாட்டின் வடபுலத்திலுள்ள ஹேல் என்னும் சிற்றூர் அத்தகையோரைத் தன் வீடுகளிலே வைத்துப் பேணி வந்தது. சமூகப் பராமரிப்பு என இன்று பேசப்படும் முறைக்கு இத்துணைப் பழைமையான சான்று வேறு காண்பது அரிது.

இதன் தோற்றுவாய் ஒரு புனிதவதியின் கதை. அயர்லாந்து அரசகுமாரி திம்ப்னா, மனைவியை இழந்து மதிமயங்கித் தன்னையே மணக்க விழைந்த தந்தையிடமிருந்து தப்பி, 7ஆம் நூற்றாண்டில் ஹேலை அடைந்தாள் என்றும், தொடர்ந்து வந்த தந்தையின் வாளுக்கே இரையானாள் என்றும் ஐதிகம் கூறும். சித்தம் கலங்கியோரின் பாதுகாவலியாக அவளை மக்கள் போற்றலாயினர். 14ஆம் நூற்றாண்டில் அவள் பெயரால் தேவாலயம் எழத் தொடங்கியது. அதனை அடுத்து ஒரு நோயாளர் விடுதியும் 15ஆம் நூற்றாண்டில் அமைந்தது. ஒன்பது நாள் வழிபாட்டுக்கு வந்தோர் தொகை பெருகியபோது விடுதியில் இடம் போதவில்லை. குருமார் அயலிலுள்ள வீடுகளிலே அவர்களைத் தங்கவைத்தனர். வேண்டுதல் முடிந்தும் குணமடையாதோர் பலர் அங்கேயே நிலைத்தனர். இவ்வாறு இடநெருக்கடியில் பிறந்த ஏற்பாடு ஊர் வழக்காயிற்று.

1803இல் பிரசெல்ஸ் நகர அதிகாரிகள் தம் நோயாளரை ஹேலுக்கு அனுப்பத் தொடங்கினர். கூட்டம் பெருகவே குறைகளும் வெளிப்பட்டன. ஓடிவிடாதபடி சிலர் கால்களில் விலங்கிடப்பட்டனர். மனநோய் மருத்துவத்தின் முன்னோடியான கிஸ்லென் போன்றோர் இம்முறையைக் கடுமையாகக் கண்டித்தனர். 1850ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர் அரசு பொறுப்பேற்றது. ஆயின் வீடுகளை மூடிவிடவில்லை. ஊரைப் பிரிவுகளாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் வைத்தியரையும் கண்காணிப்பாளரையும் நியமித்தது. 1862இல் வைத்தியசாலை ஒன்று திறக்கப்பட்டது. புதிதாக வருவோர் அங்கே சிலகாலம் அவதானிக்கப்பட்ட பின்னரே ஏற்ற குடும்பத்திடம் ஒப்படைக்கப்பட்டனர். நிலைமை மோசமானால் வைத்தியசாலைக்குத் திரும்பவும், மனம் ஒவ்வாவிடின் வேறு வீட்டுக்கு மாறவும் வழியிருந்தது.

குடும்பங்களுக்கு ஒரு கொடுப்பனவு வழங்கப்பட்டது. வந்தவர் தம்மால் இயன்ற அளவு வயலிலும் வீட்டிலும் வேலை செய்தார். ஏழைக் குடியானவர்க்கு அவ்வுழைப்பும் பணமும் உதவியாயின என்பது உண்மை. உழைப்பு சுரண்டப்படக்கூடும் என்ற ஐயமும் நியாயமானதே. கண்காணிப்பு இன்றியமையாததானது இதனாலேயே. எனினும் இவ்வுறவு கூலிக் கணக்கோடு நின்றுவிடவில்லை. ஊரார் அவர்களை நோயாளர் என்னாது, தங்கி உண்பவர் என்னும் பொருளுடைய சொல்லாலேயே அழைத்தனர். தாய் மூப்படைந்தபோது அவள் பேணியவரை மகள் தன் பொறுப்பில் ஏற்ற குடும்பங்களும் உண்டு.

1938இல் இவ்வாறு தங்கியோர் 3,700க்கும் அதிகமாயினர். அறிவு வளர்ச்சி குன்றியோர் அவர்களுட் பெருந்தொகையினர். பின்னர் வேளாண்மை சுருங்கியது. பெண்கள் வெளியே தொழிலுக்குச் சென்றனர். புதிய மருந்துகளும் வேறு தங்குமிடங்களும் வந்தன. இந்நூற்றாண்டில் அத்தொகை சில நூறாகக் குறைந்தது. எனினும் மரபு அற்றுவிடவில்லை. 2023இல் யுனெஸ்கோ நிறுவனம் அதனை நல்ல பேணல் முறைகளின் பதிவேட்டிற் சேர்த்தது.

ஹேலின் அனுபவம் இரு உண்மைகளை உணர்த்துகின்றது. அயலாரின் இரக்கத்தை மட்டும் நம்பி விடப்பட்ட காலத்தில் விலங்குகள் தோன்றின. அரசின் கட்டடங்களை மட்டும் நம்பிய நாடுகளில் மதில்கள் உயர்ந்தன. வீட்டாரின் பரிவுக்குப் பின்னால் வைத்தியரும் தாதியரும் கொடுப்பனவும் உறுதியாக நின்றபோதே, அறிவு குன்றிய ஒருவர் பிறரோடு ஒரே மேசையில் அமர்ந்து உண்ணும் உரிமை அங்கே நிலைபெற்றது.