தாய்மொழித் தொலைக்காட்சிக்காக உயிரைப் பணயம் வைத்த வேல்ஸ் சட்டத்தரணி

குவின்வோர் எவன்ஸ் 1912 செப்டெம்பர் 1 இல் வேல்ஸின் பரி நகரில் பிறந்தார். அவரது வீட்டில் ஆங்கிலமே பேசப்பட்டது. வேல்ஸ் மொழியைப் பதின்ம வயதில்தான் சரளமாகக் கற்றுக்கொண்டார். அபெரிஸ்ட்வித்திலும் ஒக்ஸ்போர்டிலும் சட்டம் படித்து 1939 இல் சட்டத்தரணியானபோதும், தொழிலாகத் தெரிவுசெய்தது தக்காளிச் செய்கையை. இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர். 1945 முதல் 1981 வரை பிளைட் கம்ரி கட்சியின் தலைவராக இருந்தார்.

லிவர்பூல் நகரின் தண்ணீர்த் தேவைக்காக ட்ரிவெரின் பள்ளத்தாக்கில் அணை கட்டும் சட்டம் 1957 இல் நிறைவேறியது. வேல்ஸின் 36 உறுப்பினர்களில் ஒருவர்கூட அதற்கு ஆதரவாக வாக்களிக்கவில்லை. ஆனாலும் நிறைவேறியது. அதற்கு முந்தைய ஆண்டு எவன்ஸ் ஊர்மக்களுடன் லிவர்பூல் வீதிகளில் ஊர்வலம் சென்றிருந்தார். மாநகர சபையில் பேச முயன்றபோது கூச்சலிட்டு அவரை அடக்கினார்கள். 1965 இல் கபெல் கெலின் கிராமம் பாடசாலை, தபாலகம், தேவாலயம், மயானத்துடன் நீருக்குள் போனது. வன்முறையை ஏற்காத எவன்ஸின் வழி மென்மையானது என்ற விமர்சனம் கட்சிக்குள்ளேயே எழுந்தது.

மறு ஆண்டு காமார்தன் இடைத்தேர்தலில், சில மாதங்களுக்கு முன் மூன்றாமிடம் பெற்ற அதே தொகுதியில், 2,436 வாக்குகளால் வென்று கட்சியின் முதல் நாடாளுமன்ற உறுப்பினரானார். வேல்ஸ் மொழியில் சத்தியப்பிரமாணம் செய்யக் கேட்டார், மறுக்கப்பட்டது. 1970 இல் தோற்றார். 1974 பெப்ரவரியில் வெறும் 3 வாக்குகளால் தோற்று, ஒக்டோபரில் மீண்டும் வென்றார்.

1979 இல் ஆசனத்தை மறுபடி இழந்தவருக்கு, பதவியில்லாத அடுத்த ஆண்டில்தான் பெரிய வெற்றி கிடைத்தது. வேல்ஸ் மொழிக்குத் தனி அலைவரிசை தருவதாகத் தேர்தலில் வாக்குறுதியளித்த தட்சர் அரசு, ஆட்சிக்கு வந்ததும் பின்வாங்கியது. பலர் தொலைக்காட்சி உரிமக் கட்டணத்தைச் செலுத்த மறுத்தனர். அரசு அசையவில்லை. ஒக்டோபர் 6 முதல் சாகும்வரை உண்ணாவிரதம் இருக்கப்போவதாக 67 வயது எவன்ஸ் அறிவித்தார். நாளை முன்கூட்டியே குறித்துச் சொன்னதில் அவரது அரசியல் கூர்மை தெரிகிறது: இடையிலிருந்த மாதங்களில் கூட்டம் கூட்டமாக மக்களைச் சந்தித்தார், நெருக்கடி முழுவதும் இலண்டனின் தலையில் ஏறியது. செப்டெம்பர் 17 இல் அரசு இறங்கிவந்தது. 1982 நவம்பர் 1 இல் வேல்ஸ் மொழி அலைவரிசை ஒளிபரப்பைத் தொடங்கியது, இன்றும் இயங்குகிறது.

கபெல் கெலினுக்காக லிவர்பூல் மாநகர சபை மன்னிப்புக் கோரியது 2005 ஒக்டோபரில். எவன்ஸ் அதே ஆண்டு ஏப்ரல் 21 இல், 92 வயதில் காலமாகியிருந்தார்.